அந்த 21-ல அவங்க அம்மா பேரும் இருக்கு

மேஜர் லீக் பேஸ்பால் கமிஷனர் ராப் மேன்ஃப்ரெட் சாருக்கும் 30 டீம் ஓனர்களுக்கும் வணக்கம்,

கேக்க வந்தத முதல்லயே கேட்டுடுறேன். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் டீம்ல ஆடுன போர்ட்டோ ரிக்கோக்காரர் ராபர்ட்டோ க்ளெமென்டே போட்டிருந்த 21-ம் நம்பர இனிமே எந்த டீம்லயும் எந்த ப்ளேயருக்கும் புதுசா குடுக்காதீங்க. 1947-ல மேஜர் லீக்ல நிறத் தடைய ஒடைச்ச கறுப்பின ப்ளேயர் ஜாக்கி ராபின்சனோட 42-ஐ 1997-ல எல்லா டீம்லயும் நிறுத்தி வெச்சீங்கல்ல, அதே மரியாதைய 21-க்கும் குடுங்க. இது புதுக் கோரிக்கை இல்ல, போர்ட்டோ ரிக்கோ ஜனங்களும் லத்தீன் அமெரிக்க ப்ளேயர்களும் வருஷக்கணக்கா கேட்டுட்டே இருக்காங்க, நானும் என் குரல அதோட சேக்குறேன்.

தமிழ்ல எழுதுறதுக்கும் க்ளெமென்டே தான் காரணம். 1971 அக்டோபர் 17, பால்டிமோர்ல வேர்ல்ட் சீரிஸ்ங்கற சாம்பியன்ஷிப் ஃபைனலோட ஏழாவது, கடைசி கேம், பைரேட்ஸ் 2-1ன்னு ஜெயிச்சிட்டாங்க, அதுல ஒரு ரன் இவர் அடிச்ச ஹோம் ரன், சீரிஸ் முழுக்க 29 அட்-பேட்ல (பேட் பிடிச்ச தடவ) 12 ஹிட் (பந்த அடிச்சு பேஸுக்கு போய் சேந்தது), எம்விபியும், அதாவது சிறந்த ஆட்டக்காரரும் இவர்தான். கேம் முடிஞ்சதும் டிவி மைக் முன்னாடி நிக்குறார், நாடே லைவ்ல பாத்துட்டு இருக்கு. மனுஷன் இங்கிலீஷ்ல பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஸ்பானிஷ்ல ரெண்டு வார்த்தை சொன்னார். என் வாழ்க்கையிலயே பெரிய நாள் இது, என் புள்ளைங்களுக்கு என் ஆசீர்வாதம், என் அப்பாவும் அம்மாவும் எனக்கு ஆசீர்வாதம் பண்ணணும்னு. அதுக்கப்புறம் தான் மத்ததெல்லாம். சந்தோஷத்த முதல்ல வீட்டு பாஷையில வீட்டுக்கு சொல்லணும்னு நினைச்ச ஆளுக்காக எழுதுற லெட்டர, நானும் என் வீட்டு பாஷையில எழுதுறது தான் சரின்னு பட்டுச்சு.

நான் இருக்கறது பிட்ஸ்பர்க்ல. கிரிக்கெட் பாத்து வளந்த ஆளு, பேஸ்பால் ஒரு எழுத்து தெரியாம தான் இந்த ஊருக்கு வந்தேன். மேட்ச் அன்னிக்கு டவுன்டவுன்ல இருந்து ஆத்த தாண்டி ஸ்டேடியத்துக்கு போற மஞ்ச பாலத்துல வண்டிய நிறுத்திடுவாங்க, கூட்டம் பூரா நடந்தே போகும், நானும் ஒரு நாள் அப்படித்தான் போனேன். பாலத்துக்கு பேரு ராபர்ட்டோ க்ளெமென்டே பாலம். தாண்டுனா அவர் சிலை. உள்ள போனா ரைட் ஃபீல்ட் சுவரோட உயரம் 21 அடி, அதுவும் அவருக்காகத்தான்னு பக்கத்து சீட்ல இருந்த பெரியவர் ஒருத்தர் சொன்னார், சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் மாறுச்சு. செத்துப் போய் இத்தன வருஷமான ஒரு ப்ளேயர பத்தி பேசுறப்ப ஒருத்தர் குரல் மாறுதுன்னா யார்ரா இந்த மனுஷன்னு அன்னிக்கு தேட ஆரம்பிச்சது தான், இன்னும் நிறுத்தல.

எனக்கு மனசுல தச்சது அவர் பேர் பட்ட பாடு. ஸ்பானிஷ் பேசுற ஊர்கள்ல ஒரு ஆளோட முழுப் பேர்ல முதல்ல சொந்தப் பேர், அடுத்து அப்பா வழிப் பேர், கடைசியா அம்மா வழிப் பேர் வரும். அப்பா மெல்ச்சோர் க்ளெமென்டே, கரும்புத் தோட்டத்துல வேலை பாத்தவர். அம்மா லூயிசா வாக்கர். போர்ட்டோ ரிக்கோவுல கரோலினாங்கற ஊர்ல 1934-ல பொறந்த கடைக்குட்டிக்கு முழுப் பேரு ராபர்ட்டோ க்ளெமென்டே வாக்கர். 1955-ல பைரேட்ஸுக்கு ஆட வந்தப்ப முதல்ல போட்டது 13-ம் நம்பர், சீக்கிரமே 21-க்கு மாறிட்டார். ஏன் 21ன்னா, தன்னோட முழுப் பேர அவங்க மொழியில எழுதி எழுத்த எண்ணுனார்: ராபர்ட்டோவுக்கு ஏழு, க்ளெமென்டேவுக்கு எட்டு, வாக்கருக்கு ஆறு. கூட்டுனா 21. அம்மா பேர எடுத்துட்டா வெறும் 15 தான் வரும்.

இப்படி பேர முதுகுல சுமந்துட்டு ஆடுன மனுஷனுக்கு இந்த நாடு என்ன பண்ணுச்சுன்னா, பாப்ன்னு பேரு வெச்சுது. 1957-ல இருந்து 1969 வரைக்கும் டாப்ஸ் கம்பெனி போட்ட பேஸ்பால் கார்டுல பாப் க்ளெமென்டேன்னு தான் இருக்கும். என் பேரு ராபர்ட்டோன்னு அவர் சொன்னா யாரு கேட்டா. பேப்பர்காரங்க அவர் பேசுன இங்கிலீஷ உச்சரிப்போட அப்படியே எழுத்துக்கூட்டி அச்சடிச்சாங்க, அவர் சொன்ன விஷயம் யாருக்கும் போய் சேரல, உச்சரிப்பு மட்டும் தான் போய் சேந்துது. 1954-ல கார் விபத்துல முதுகுல அடிபட்டு காலம் பூரா வலியோட ஆடுனவர், வலிக்குதுன்னா நடிக்கிறான்னு எழுதுனாங்க.

சரி, செத்த பிறகாச்சும்? 1973-ல கூப்பர்ஸ்டவுன்ல இருக்கற ஹால் ஆஃப் ஃபேம்ல, அதாவது பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான கவுரவ மன்றத்துல, பலகை வெச்சாங்க. அதுல ராபர்ட்டோ வாக்கர் க்ளெமென்டேன்னு போட்டாங்க. அம்மா பேர தூக்கி நடுவுல சொருகிட்டாங்க, இங்க நடுப்பேர் வைக்கிற வழக்கப்படி. அத திருத்தி புது பலகை மாட்டுனது 2000-த்துல. இருபத்தேழு வருஷம் சார். எத்தன லட்சம் பேர் அந்த தப்பான பேருக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்திருப்பாங்க.

இது ஏன் இவ்ளோ வலிக்குதுன்னா எங்களுக்கும் இது தெரியும். தமிழங்களுக்கு குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, அப்பா பேரோட முதல் எழுத்து இனிஷியலா முன்னாடி நிக்கும், அவ்ளோதான். இங்க வந்து ஃபார்ம் நிரப்புறப்ப லாஸ்ட் நேம்ங்கற கட்டத்துல அப்பா பேர எழுதுறோம், அன்னில இருந்து நம்மள அப்பா பேர சொல்லி கூப்பிடுவாங்க. நான் முதல்ல வேலைக்கு சேந்த எடத்துல ஆறு மாசம் எங்கப்பா பேர்ல தான் இருந்தேன், அதுவும் பாதியா சுருக்கி. பெரிய கொடுமைன்னு சொல்ல வரல. ஆனா க்ளெமென்டே பதினெட்டு வருஷமா என் பேர ஒழுங்கா சொல்லுங்கன்னு கேட்டிருக்கார்ங்கறது எனக்கு வெறும் தகவலா படல.

அவர் ஆட்டத்த பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ஆனா இத படிக்கிற நம்மாளுங்களுக்காக கொஞ்சம். பவுண்டரி லைன்ல இருந்து பந்த எடுத்து ஒரே வீச்சுல நேரா ஸ்டம்ப்புக்கு எறியுற ஃபீல்டர நினைச்சுக்கங்க, அத வருஷம் பூரா பண்ணுவார், ரைட் ஃபீல்ட் மூலையில இருந்து மூணாவது பேஸுக்கு. 1961-ல இருந்து 1972 வரைக்கும் தொடர்ந்து 12 கோல்ட் க்ளவ், சிறந்த ஃபீல்டருக்கான அவார்டு அது. நாலு தடவ பேட்டிங் சாம்பியன். 1966-ல லீக் எம்விபி. ஆடுனது ரெண்டு வேர்ல்ட் சீரிஸ், 1960-லயும் 1971-லயும், மொத்தம் 14 கேம், 14-லயும் ஹிட் இருக்கு. 1972 செப்டம்பர் 30 அன்னிக்கு நியூயார்க் மெட்ஸ் டீமோட ஜான் மாட்லாக் பந்துல டபுள் (ரெண்டாவது பேஸ் வரைக்கும் போற அடி) அடிச்சது சரியா 3,000-வது ஹிட். சீசன்ல அதுக்கு மேல ஒண்ணு கூட இல்ல. 3,000-த்துலயே நின்னு போச்சு.

ஆட்டத்துக்கு வெளிய அவர் பண்ணதும் இருக்கு, அத எல்லாரும் மறந்துடுறாங்க. அந்த காலத்துல ஃப்ளோரிடாவுல சீசனுக்கு முன்னாடி ஸ்ப்ரிங் ட்ரெய்னிங் நடக்கறப்ப கறுப்பின ப்ளேயர்ஸ் டீம் ஹோட்டல்ல தங்க முடியாது, வழியில ஹோட்டல்ல வெள்ளைக்கார ப்ளேயர்ஸ் எறங்கி சாப்பிடுவாங்க, இவங்க பஸ்லயே உக்காந்திருக்கணும், யாராவது கொண்டு வந்து குடுத்தா சாப்பிடணும். அப்படி வர்ற சாப்பாடு எங்களுக்கு வேணாம்னு சொல்லி, எங்களுக்குன்னு தனி வண்டி குடுங்கன்னு மேனேஜ்மென்ட்ட கேட்டு வாங்குனவர் க்ளெமென்டே. 1968 ஏப்ரல்ல மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டப்ப, அவர் அடக்கம் முடியுற வரைக்கும் நாங்க ஆட மாட்டோம்னு பைரேட்ஸ் ப்ளேயர்ஸ் நின்னாங்க, அதுக்கு முன்னாடி நின்னதுல இவர் ஒருத்தர், கடைசில எல்லா டீமும் சீசன் தொடக்கத்த தள்ளி வெச்சாங்க. 1971 செப்டம்பர் 1, பிட்ஸ்பர்க்ல ஃபிலடெல்பியாவுக்கு எதிரா பைரேட்ஸ் எறக்குன ஒன்பது பேரும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் தான், மேஜர் லீக் வரலாத்துலயே அது முதல் தடவ, அந்த ஒன்பதுல பனாமாக்காரர் ரெண்டு பேர், கியூபாக்காரர் ஒருத்தர், ரைட் ஃபீல்ட்ல இவர். அந்த கேமையும் ஜெயிச்சாங்க, 10-7.

அப்புறம் அந்த டிசம்பர் 31.

1972 டிசம்பர் 23 நிகராகுவா தலைநகரம் மனாகுவாவுல நிலநடுக்கம். அதுக்கு சில வாரம் முன்னாடி தான் க்ளெமென்டே அங்க இருந்தார், போர்ட்டோ ரிக்கோ அமெச்சூர் டீமுக்கு மேனேஜரா போயிருந்தார், ஊரும் ஜனமும் பழகிப் போச்சு. சேதி வந்ததும் கிறிஸ்துமஸாவது ஒண்ணாவதுன்னு நிவாரணம் சேக்க எறங்கிட்டார். அனுப்புன சாமான் ஜனங்களுக்கு போகல, அந்த நாட்டு சர்வாதிகாரி சொமோசாவோட ஆளுங்க நடுவுலயே எடுத்துக்குறாங்கன்னு தெரிஞ்சுது. நானே கூட போறேன், நான் நின்னா எடுக்க மாட்டாங்கன்னு கெளம்புனார். பழைய டிசி-7 சரக்கு விமானம், அளவுக்கு மீறி ஏத்திட்டாங்க. புது வருஷம் பொறக்குறதுக்கு சில மணி நேரம் முன்னாடி சான் ஹுவான்ல இருந்து கெளம்பி கொஞ்ச நேரத்துலயே கடல்ல விழுந்துடுச்சு. உள்ள இருந்த அஞ்சு பேரும் போயிட்டாங்க. க்ளெமென்டேவுக்கு வயசு 38. உடம்பு கெடைக்கவே இல்ல. கூட ஆடுன பனாமாக்காரர் மேனி சாங்கியேன் அஞ்சலி கூட்டத்துக்கு போகாம, தானே கடல்ல முங்கி முங்கி தேடுனார்.

அத படிச்ச அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல.

கமிஷனர் சார், நீங்களும் உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களும் ஒண்ணுமே பண்ணலன்னு சொல்ல மாட்டேன். ஹால் ஆஃப் ஃபேமுக்கு வழக்கமா இருக்கற அஞ்சு வருஷ காத்திருப்ப 1973-லயே தள்ளுபடி பண்ணி ஸ்பெஷல் ஓட்டு எடுத்து அதுல சேத்தாங்க, லத்தீன் அமெரிக்காவுல இருந்து அங்க போன முதல் ஆளு அவர்தான். ஊருக்கு நல்லது பண்ற ப்ளேயருக்கு வருஷா வருஷம் குடுக்குற அவார்டுக்கு அவர் பேர் வெச்சாங்க. செப்டம்பர் 15-ஐ ராபர்ட்டோ க்ளெமென்டே நாளா ஆக்கி, அன்னிக்கு வேணுங்கறவங்க 21 போட்டுக்கலாம்னு சொல்லியிருக்கீங்க. நல்ல காரியம் தான். ஆனா மறுநாள் 16-ம் தேதி அந்த நம்பர் மறுபடியும் மூட்டையில இருக்கற இன்னொரு நம்பர் ஆயிடுது, அது தான் என் வருத்தம்.

எதிர்ப்பு எங்க இருந்து வருதுன்னும் தெரியும். ஜாக்கி ராபின்சனோட மக ஷாரன் ராபின்சன் அம்மாவே 2006-ல இது வேணாம்னு சொல்லியிருக்காங்க, எங்கப்பா தெறந்த கதவு லத்தீன் அமெரிக்கர்களுக்கும் சேத்து தெறந்த கதவு தான், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நம்பர்னு போனா அதோட அர்த்தம் நீத்துப் போயிடும்ங்கற மாதிரி. அவங்க வார்த்தைக்கு எடை உண்டு, அத தட்டிக் கழிக்க எனக்கு தகுதி இல்ல. ஆனா பணிவோட ஒண்ணு சொல்லணும். 1947-ல தெறந்தது நிறத்தோட கதவு. நிறத்தோட சேத்து மொழிக்கும் ஒரு கதவு இருந்துது, அது அன்னிக்கு தெறக்கல.

இதுக்கு சாட்சி நெறைய இருக்கு. கியூபாவுல இருந்து எஸ்டேபன் பெய்யான் 1871-லயே இங்க ப்ரொஃபஷனலா ஆடியிருக்கார். அதே கியூபாவோட அடால்ஃபோ லூக்கே வெளுத்த தோலுக்காரர், அதனால மேஜர் லீக்ல எடம் கெடைச்சுது, 1923-ல சின்சினாட்டிக்கு பந்து வீசி 27 கேம் ஜெயிச்சு குடுத்தார். மார்ட்டின் டிஹிகோ, எல்லா பொசிஷன்லயும் ஆடக்கூடிய அதிசயம்னு சொல்லுவாங்க, கருத்த தோல், அவர் கடைசி வரைக்கும் மேஜர் லீக்ல கால் வைக்கல. ராபின்சனுக்கு அப்புறம் அந்த கதவு தெறந்துது, மின்னி மின்யோசோ 1949-ல உள்ள வந்தார். வந்தவங்களுக்கு அடுத்து நின்னது மொழி. சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ்ல மேனேஜர் ஆல்வின் டார்க், ஹுவான் மரிச்சால், ஒர்லாண்டோ செப்பேடா, ஃபெலிப்பே அலு மாதிரி ஆளுங்க இருந்த டீமுக்கு க்ளப்ஹவுஸ்ல (ப்ளேயர்ஸ் உடை மாத்துற ரூம்) ஸ்பானிஷ் பேசக் கூடாதுன்னு சொன்னார். கூடப் பொறந்த தம்பியோட எந்த பாஷையில பேசுறது? அந்த டீம்லயே 1963 செப்டம்பர் 15-ல ஃபெலிப்பே, மாட்டி, ஹெசூஸ்னு மூணு அண்ணன் தம்பியும் ஒரே நேரத்துல அவுட்ஃபீல்ட்ல நின்னாங்க. இதுல இன்னொரு கொடும என்னன்னா அவங்க அப்பா வழிப் பேர் ரோஹாஸ், அலுங்கறது அம்மா வழிப் பேர், டீம்காரங்க தப்பா புரிஞ்சு எழுதுனது அப்படியே ஒட்டிக்கிச்சு. ஒருத்தருக்கு அம்மா பேர எடம் மாத்தி போட்டாங்க, இன்னொருத்தருக்கு அப்பா பேரையே காணாம பண்ணிட்டாங்க.

1981-ல மெக்சிகோவோட சொனோராவுல ஒரு குட்டி கிராமத்துல இருந்து லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் டீமுக்கு பந்து வீச வந்த ஃபெர்னாண்டோ வாலென்சுவேலா, வயசு இருபது, முதல் எட்டு கேமும் ஜெயிச்சு, அதே வருஷம் சிறந்த புதுமுகத்துக்கான ரூக்கி ஆஃப் தி இயரும் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் அவார்டும் சேத்து வாங்குனார், ரெண்டையும் ஒரே வருஷத்துல வாங்குனவர் இன்னி வரைக்கும் அவர் ஒருத்தர் தான். டாட்ஜர் ஸ்டேடியம் கட்டுன எடம் சாவேஸ் ரவீன், அங்க குடியிருந்த மெக்சிகன் குடும்பங்கள 1950-கள்ல காலி பண்ண வெச்சிருந்தாங்க, அந்த கோபத்துல அந்த பக்கமே போகாம இருந்த ஜனங்க, இந்த பையனுக்காக டிக்கெட் வாங்குனாங்க. அவருக்கு இங்கிலீஷ் வராது, ஸ்பானிஷ் ரேடியோ வர்ணனையாளர் ஹைமே ஹரீன் தான் பக்கத்துல உக்காந்து மொழிபெயர்ப்பார். எல்லா டீமும் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் வெச்சே ஆகணும்னு விதி வந்தது 2016-ல சார், உங்க காலத்துல. அதுக்கு உங்களுக்கு நன்றி, நெசமாவே. ஆனா எவ்ளோ லேட்டுன்னு பாருங்க. ஜெர்சில பேருக்கு மேல வர்ற அந்த சின்ன சாய்வுக் கோட்ட ஒழுங்கா போடுங்கன்னு ஒரு இயக்கமா நடத்துனதும் அதே வருஷம் தான்.

அதனால தான் சொல்றேன், 21-ஐ நிறுத்துனா 42-ஓட அர்த்தம் குறையாது. மரியானோ ரிவேராவ நினைச்சுப் பாருங்க. பனாமாவுல மீன்பிடி கிராமம், சின்ன வயசுல அட்டைய மடிச்சு க்ளவ் பண்ணி ஆடுனவர், நீங்க 42-ஐ நிறுத்துறப்ப அத போட்டிருந்தவங்க தொடரலாம்னு விட்டதால 2013 வரைக்கும் போட்டார், 42 போட்டு ஆடுன கடைசி ஆளு. 2019-ல ஓட்டு போட்ட 425 பேரும் அவருக்கே போட்டாங்க, ஹால் ஆஃப் ஃபேம் வரலாத்துலயே முதல் தடவ. ராபின்சனோட நம்பர அவ்ளோ கவுரவமா காப்பாத்தி கடைசில எறக்கி வெச்சது ஒரு லத்தீன் அமெரிக்கர். அவங்க நம்பர இவங்க காப்பாத்துனாங்க, இவங்க நம்பருக்கும் ஒரு எடம் குடுக்கலாமே.

நடைமுறையில கஷ்டமும் இல்ல. இப்ப 21 போட்டிருக்கறவங்க ரிவேரா மாதிரி கடைசி வரைக்கும் போட்டுக்கட்டும். அட்லாண்டால வாரன் ஸ்பானுக்கும் க்ளீவ்லாண்ட்ல பாப் லெமனுக்கும் யாங்கீஸ்ல பால் ஓ'நீலுக்கும் ஏற்கனவே அந்த நம்பர நிறுத்தியாச்சு, அவங்க மரியாதை அப்படியே இருக்கட்டும், 42-ல ப்ரூஸ் சட்டருக்கும் ராபின்சனுக்கும் செயின்ட் லூயிஸ்ல சேந்து எடம் இருக்குல்ல, அது மாதிரி. செப்டம்பர் 15-ல வேணுங்கறவங்க 21 போடறதும் தொடரட்டும், ராபின்சன் நாளான ஏப்ரல் 15-ல எல்லாரும் 42 போடற மாதிரியே.

இன்னிக்கு உங்க லீக்ல டொமினிக்கன் ரிபப்ளிக்ல பொறந்தவங்க மட்டும் நூறு பேர் பக்கம் இருக்காங்க. வெனிசுவேலா, கியூபா, போர்ட்டோ ரிக்கோ, மெக்சிகோ, பனாமா, கொலம்பியா எல்லாம் அதுக்கு மேல. பதினாறு வயசுல கையெழுத்து போட்டுட்டு வீட்ட விட்டு வர்ற பசங்க நெறைய பேர். அவங்க எந்த ஸ்டேடியத்துக்கு போனாலும் 42 மாட்டியிருக்கும். அது பக்கத்துல 21-ம் இருந்தா, அது யாரு, ஏன்னு கேக்குற ஒவ்வொரு பையனுக்கும் ஸ்பானிஷ்ல ஒருத்தர் கதை சொல்லுவார்.

வேரா க்ளெமென்டே அம்மா, அவரோட மனைவி, வருஷா வருஷம் அந்த அவார்ட மேடையில நின்னு குடுத்தவங்க, 2019-ல போயிட்டாங்க. அவங்க இருக்கறப்பவே பண்ணியிருக்கலாம். அவங்க புள்ளைங்க இருக்காங்க, அவங்க கண்ணு முன்னாடியாவது பண்ணுங்க.

உங்க ஆபீஸ் நியூயார்க்ல இருக்கற தெருவுக்கு அவென்யூ ஆஃப் தி அமெரிக்காஸ்னு பேரு. ஒரு அமெரிக்கா இல்ல, ரெண்டு அமெரிக்காவையும் சேத்து வெச்ச பேரு. அங்க இருந்து இந்த அறிவிப்பு வரட்டும். முடிஞ்சா ஒரு செப்டம்பர் 15-ல பிட்ஸ்பர்க்லயே வெச்சு, அந்த 21 அடி சுவருக்கு முன்னாடி நின்னு சொல்லுங்க, முதல்ல ஸ்பானிஷ்ல சொல்லுங்க, சொல்றப்ப அவர் பேர முழுசா படிங்க: ராபர்ட்டோ க்ளெமென்டே வாக்கர்.

இப்படிக்கு,
பிட்ஸ்பர்க்ல இருந்து ஒரு தமிழ் ரசிகர்